ஜெட்டிக்ஸ் பார்த்த பிள்ளைகளும் நம் மக்தபும்

 

சென்ற ஆண்டு ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னதாக, தர்மபுரிப் பேருந்து நிலையத்தில் பாலக்கோடு செல்லும் வண்டிக்காக நாம் நின்றிருந்தோம். இருபத்தேழு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் அருகில் வந்து ஸலாம் கூறிக் கைகொடுத்தார். ஒரு தோளில் பை, மறு தோளில் நான்கு வயதுச் சிறுவன். சிறுவனின் கையில் கைபேசி. முகம் பழகியதாகத் தெரிந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. நாம் தயங்குவதைக் கண்டு அவரே சிரித்தார்.

"ஹஜ்ரத், என்னைத் தெரியலையா? நீங்க பேர் வெச்ச ரெட் ரேஞ்சர்."

அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர் நாம்தாம். அன்பினால் வைத்த பெயரன்று. அதைச் சொல்லி முடிக்காமல் இந்தக் கட்டுரையில் பிள்ளைகளைப் பற்றி எதையும் பேச நமக்குத் தகுதியில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இன்று முப்பது வயதை ஒட்டியுள்ள பெற்றோர்க்கு 'ஜெட்டிக்ஸ்' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மூத்தவர்களுக்காகச் சில சொற்கள். 2004 டிசம்பரில் டூன் டிஸ்னி என்னும் சிறுவர் அலைவரிசை இந்தியாவில் தொடங்கப்பட்டது. தமிழிலும் அதைக் கேட்க முடிந்தது. அந்த அலைவரிசைக்குள் குறித்த நேரங்களில், ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் வீரசாகசத் தொடர்கள் ஒரு தொகுப்பாக வந்தன. அவற்றுள் பிள்ளைகளை மிகவும் ஈர்த்தது பவர் ரேஞ்சர்ஸ். ஐந்து நிறங்களில் உடையணிந்த ஐந்து இளைஞர்கள் ஒன்றுகூடித் தீயோரை எதிர்க்கும் கதை. ஜப்பானில் 1975 முதல் வந்த தொடர்களின் சண்டைக் காட்சிகளை எடுத்து, அமெரிக்க நடிகர்களைக் கொண்டு மற்றக் காட்சிகளைப் படமாக்கி, 1993 முதல் அமெரிக்காவில் ஒளிபரப்பிய தொடர் அது. அங்கிருந்து தமிழ்க் குரல் பெற்று, தக்காளி மண்டியும் மாந்தோப்பும் தவிர வேறு பரபரப்பு அறியாத நம் பகுதிக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்வதற்கு வழியும் அமைந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. அதுவரை நான்கு வீடுகளில் மட்டும் தொலைக்காட்சி இருந்த நம் தெருவில், இல்லாத வீடு என்று ஒன்றும் இல்லாமற் போனது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவியும் வந்தது. டோராவும் ஜாக்கிசானும் தமிழ் பேசினர்.

அப்போது நமக்கு மக்தபில் ஓதிக் கொடுக்கத் தொடங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மஃரிப் தொழுகைக்குப் பின் இஷா வரை பாடம். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தை ஒட்டித்தான் பிள்ளைகளின் தொடரும். தொழுகைக்கு வரும் பிள்ளைகள் பாதிக் கதையை விட்டுவிட்டு வருவர். ஓதும்போது உதடு அசையும். கண்ணோ வேறெங்கோ இருக்கும். ரிஹாலுக்கு அடியில் கைகளால் ஏதோ முத்திரை காட்டிக் கொள்வர். அது ரேஞ்சர்கள் உருமாறும் முன் காட்டும் சைகை என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

2008ஆம் ஆண்டு ஒரு மாலை, தாமதமாக ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை வாசலிலேயே நிறுத்தினோம். "எங்கே போனாய்?" என்றோம். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ரேஞ்சர்ஸ் பார்த்தேன் ஹஜ்ரத்" என்றான். எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டோம். நாம் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கிறோம் என்று நினைத்து, முகம் மலர்ந்து "ரெட்" என்றான். "வாங்க ரெட் ரேஞ்சர், உட்காருங்க" என்றோம். நாற்பது பிள்ளைகளும் சிரித்தனர். மறுநாளும் அப்படியே அழைத்தோம். மூன்றாம் நாள் நாம் அழைக்கத் தேவையிருக்கவில்லை, மற்றவர்களே அழைத்தனர். ஒரு மாதத்தில் அவன் மக்தபுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுடைய அத்தா வெளியூரில் வேலையில் இருந்தார். அம்மா ஒருமுறை வந்து, "போகமாட்டேங்கிறான் ஹஜ்ரத், என்னன்னு தெரியல" என்றார். தொலைக்காட்சி இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று அறிவுரை கூறி அனுப்பினோம்.

பிறருக்குப் பட்டப்பெயர் சூட்டுவதை அல் ஹுஜுராத் சூரா தடுக்கிறது. அதே ஆண்டு அந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு நாமே நடத்தியிருந்தோம்.

இதில் இன்னொன்றும் உண்டு. நாமே தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து வளர்ந்தவர்கள்தாம். 1993இல் நமக்குப் பதின்மூன்று வயது. ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ஜங்கிள் புக் தொடர் வரும். எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. இரண்டு வீடு தள்ளி, உருது பேசும் ஒரு குடும்பத்தார் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்வோம். தொடர் இந்தியில் ஓடும். எங்களுக்கு இந்தி தெரியாது. அவ்வீட்டுப் பிள்ளைகள் உருது அறிந்தவர்கள் ஆதலால் பாதியைப் புரிந்துகொண்டு எங்களுக்குத் தமிழில் சொல்வர். ஒருநாள் நம் அத்தா தேடிக்கொண்டு அங்கே வந்தார். அடிப்பார் என்று நடுங்கினோம். அவரோ வாசற்படியில் அமர்ந்து, "அந்தப் புலி ஏன் அந்தப் பையனைத் துரத்துது?" என்று கேட்டார். தொடர் முடிந்ததும் எங்களைக் கையோடு அழைத்துச் சென்று லுஹர் தொழ வைத்தார். அவர் எந்த மதரசாவிலும் ஓதியவரல்லர். பட்டயம் பெற்ற நாம் செய்யாததை அவர் செய்தார்.

உருது பேசும் வீடுகளைப் பற்றிச் சொன்னோம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் எனத் தெருவுக்குத் தெரு வீட்டு மொழி மாறும். மக்தபில் நாம் தமிழில் விளக்கம் சொல்லும்போது, உருது வீட்டுச் சிறுபிள்ளைகள் பலர் விழிப்பது வழக்கம். ஜெட்டிக்ஸும் சுட்டி டிவியும் வந்த பின் அந்த விழிப்பு குறைந்ததை நாம் கண்டோம். 'ஆபத்து', 'தியாகம்', 'வாக்குறுதி', 'துரோகம்' ஆகிய சொற்களை அவர்கள் தடையின்றிப் பயன்படுத்தினர். தியாகம் என்ற சொல்லை விளக்காமலேயே இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை நம்மால் கூற முடிந்தது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அன்று நாம் யோசிக்கவில்லை. நம் போதனையின் பயன் என்றே எண்ணிக்கொண்டோம்.

அந்தத் தொகுப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை. உலகெங்கும் ஜெட்டிக்ஸ் என்ற பெயரை விலக்கி, டிஸ்னி எக்ஸ்டி என்ற பெயருக்கு மாறுவது என அந்நிறுவனம் முடிவெடுத்தது. 2009 நவம்பரில் இந்தியாவிலும் டூன் டிஸ்னி அப்படியே மாறியது. பிள்ளைகள் வெறுத்து ஒதுக்கியதால் அன்று. தொலைதூரத்தில் எவரோ எடுத்த வணிக முடிவினால். 2019இல் அதே அலைவரிசை மார்வெல் எச்கியூ ஆனது. 2022இல் சூப்பர் ஹங்காமா ஆனது. பெயர் மாற மாற, இன்ன நேரத்தில் இன்ன கதை என்று காத்திருந்த கூட்டமும் கலைந்தது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை என்றாலே பிள்ளைகளின் கார்ட்டூன் நேரம் என்று பல பத்தாண்டுகள் இருந்தது. பிள்ளைகளுக்கென்றே முழுநாளும் இயங்கும் அலைவரிசைகள் பெருகின. சிறுவர் நிகழ்ச்சிகளுக்கிடையே விளம்பரம் இவ்வளவுதான் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரம்பு கட்டியது. பின்னர் இணையம் வந்தது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அந்தக் காலைநேரத்தைக் கைவிட்டன. 2014 செப்டம்பரில் அவ்வகைத் தொகுப்புகளில் கடைசியாக எஞ்சியிருந்ததும் நின்றது. விளம்பரத்திற்காகவும் பொம்மை விற்பனைக்காகவும் கட்டப்பட்டவைதாம் அவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவற்றுக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. அரைமணி நேரம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் ஓடும். பிள்ளை எழுந்தாக வேண்டும்.

நாம் ஒரு சிறுவனைச் சிரிக்க வைத்து விரட்டிக் கொண்டிருந்த அதே காலத்தில், மலேசிய முஸ்லிம்கள் சிலர் வேறு வழியில் சென்றதைப் பின்னாளில் அறிந்தோம். 2007 ரமலானில், நோன்பைப் பற்றிச் சிறுவர்களுக்குச் சொல்வதற்காக 'உபின் இபின்' என்ற கார்ட்டூன் தொடரை அவர்கள் தொடங்கினர். கிராமத்தில் பாட்டியுடனும் அக்காவுடனும் வாழும் இரட்டைச் சிறுவர்களின் கதை. சில நிமிடங்களே ஓடும் அத்தியாயங்கள். இன்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதை அறியாத பிள்ளை அரிது. திரையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதற்குள் நாம் இங்கே செல்லவில்லை. பிள்ளைகள் கதையைத் தேடி ஓடுவதைக் கண்டு, அவர்கள் கதை சொன்னார்கள். நாம் கேலி செய்தோம். அவ்வளவுதான் நாம் சொல்ல வருவது.

பிறகு வந்த காலம் உங்கள் அனைவருக்கும் தெரியும். 2016 செப்டம்பருக்குப் பின் இணையத் தரவு மலிவாகியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளிகளோடு மக்தபும் பூட்டப்பட்டது. பள்ளிப் பாடங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. மக்தபுக்கு எதுவும் இல்லை. நாமே வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். தினமும் ஒரு ஆயத்தை ஓதிக் குரற்பதிவாக அனுப்புவோம். பிள்ளைகள் திருப்பி ஓதி அனுப்புவர். கைபேசி இல்லாத வீடுகளுக்கு, "எப்படியாவது ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஓதல் நின்றுவிடக்கூடாது" என்று நாமே சொன்னோம். கடன் வாங்கி வாங்கியவர்களும் உண்டு. ஓதல் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. செப்டம்பரிலேயே யூடியூப் தன் குறுங்காணொளிகளை முதன்முதலாக இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. மக்தப் மீண்டும் திறந்தபோது பிள்ளைகள் வந்தனர். கைபேசியோ அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. தொலைக்காட்சி இணைப்பைத் துண்டிக்கச் சொன்ன அதே வாய்தான் கைபேசி வாங்கச் சொன்னது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மக்தபிலேயே காண்கிறோம். அன்றைய பிள்ளையிடம் நேற்று என்ன பார்த்தாய் என்று கேட்டால் முதலும் முடிவும் உள்ள ஒரு கதையைச் சொல்வான். இன்றைய பிள்ளையிடம் கேட்டால், "நிறைய பார்த்தேன் ஹஜ்ரத்" என்கிறான். ஒன்றையும் சொல்லத் தெரியவில்லை. அன்று திண்ணையில் பதினைந்து பேர் ஒரே திரையைப் பார்த்தோம். இன்று ஒரே அறையில் நால்வர் நான்கு திரைகளைப் பார்க்கின்றனர். உடல்நலமும் ஓய்வு நேரமும், மனிதரில் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். முடிவு குறிக்கப்படாத காட்சியில், நேரம் போவதை உணரும் வாய்ப்பே பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. நமக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருநாள் நம் இளைய மகளிடம் கைபேசியை வைக்கச் சொன்னோம். "நீங்க வெச்சா நானும் வெக்கிறேன் அத்தா" என்றாள். அப்போது நம் கையில் இருந்தது ஒரு பயான் காணொளிதான். ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை.

புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெறும் ஒரு நிகழ்வை நாம் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அபிசீனியர்கள் மஸ்ஜிதில் ஈட்டிகளைக் கொண்டு வீர விளையாட்டு நிகழ்த்தினர். இளவயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அன்னையை மறைத்தவாறு நின்று, அன்னைக்கே போதும் என்று தோன்றும் வரை காத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசையைப் பழிக்கவில்லை. பார்த்துக்கொள் என்று தனியே விட்டுச் செல்லவும் இல்லை. உடன் நின்றார்கள். அந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதிய நமக்கு, அதன் பொருள் பேருந்து நிலையத்தில்தான் உறைத்தது.

ஏனெனில் அன்று அந்த இளைஞரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சங்கடப்பட்டு, "அதெல்லாம் விடுங்க ஹஜ்ரத்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்க எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டப்ப, அடுத்து கதையைக் கேப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். நம் அத்தா திண்ணையில் கேட்ட கேள்வி அப்போது நம் நினைவுக்கு வந்தது.

அவர் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஊர் வருகிறார். குர்ஆனை எதுவரை ஓதினீர்கள் என்று கேட்டோம். "நீங்க நிறுத்தின இடத்துலதான் ஹஜ்ரத்" என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை; அது வெறும் உண்மை. தோளில் இருந்த சிறுவன் நாங்கள் பேசிய நேரம் முழுவதும் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

அதன் பின் நம் மக்தபில் சிலவற்றை மாற்றினோம். வியாழக்கிழமை மாலைகளில் பாடத்தின் கடைசி இருபது நிமிடங்கள் கதைக்கு உரியவை. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பத்து வாரங்களில் சொன்னோம். கிணற்றில் போடப்பட்ட இடத்தில் முதல் வாரத்தை நிறுத்தியபோது பிள்ளைகள் எழுந்து கூச்சலிட்டனர். குறித்த நாள், குறித்த நேரம், பாதியில் நிறுத்துதல் ஆகிய மூன்றையும் நாம் பழித்த அந்தத் தொகுப்பிடமிருந்துதான் கற்றோம். வியாழக்கிழமைகளில் இப்போது எவரும் தாமதமாக வருவதில்லை.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்தோம். ஒன்று, மஃரிப் முதல் இஷா வரை வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், பெரியவர்களுடையவை உட்பட, ஓரிடத்தில் வைக்கப்பட வேண்டும். மற்றொன்று, பிள்ளை எதைப் பார்த்தாலும் வாரத்தில் ஒருமுறையேனும் அருகில் அமர்ந்து முழுவதும் பார்த்து, "இது என்ன கதை?" என்று கேட்க வேண்டும். 42 குடும்பங்களில் 11 குடும்பங்கள் முதலாவதைக் கடைப்பிடிக்கின்றன. நம் வீட்டிலும் எல்லா நாளும் நடப்பதாகச் சொல்லமாட்டோம். இரண்டாவது எளிதாகத் தோன்றியது; அதுவே கடினம் என்று பலர் கூறுகின்றனர். சிறிய திரைக்கு முன் இருவர் அமர இடமில்லை. அமர்ந்தாலும், பார்த்து முடிக்கக் கதை எதுவும் இல்லை. தொழுகையை அல்லாஹ் நேரம் குறித்த கடமையாக்கியதன் ஹிக்மத்தை, முடிவில்லாத இந்தக் காட்சிகளின் நடுவே ஒவ்வொரு பாங்கின்போதும் புதிதாக உணர்கிறோம். பாங்கு ஒலிக்கும்போதாவது அந்தத் திரைக்கு ஒரு முடிவு வருகிறது.

அந்த இளைஞர் இதுவரை நான்கு முறை மக்தபுக்கு வந்துள்ளார். அம்ம ஜுஸ்உவில் அன்று அவர் நின்ற சூரா அல் பலத், அங்கிருந்தே தொடங்கினோம். பிள்ளைகள் சென்ற பின், இஷாவுக்கு முன்னதாகப் பத்து நிமிடங்கள் ஓதுகிறார். நாக்கு திரும்பச் சிரமப்படுகிறது. அவருடைய மகன் அருகில் அமர்ந்திருக்கிறான். சில வேளைகளில் கைபேசியைப் பார்க்கிறான். சில வேளைகளில் அத்தாவின் வாயைப் பார்க்கிறான். சென்ற முறை அவன் திரையில் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டி, "இது யாரு தம்பி?" என்று கேட்டோம். நீண்ட நேரம் சொன்னான். நமக்குப் பாதிகூடப் புரியவில்லை. முழுவதையும் கேட்டோம்.

நம் நாவினால் மனம் புண்பட்டு ஓதலை விட்டு விலகிய பிள்ளைகள் எங்கெங்கு இருக்கிறார்களோ, அவர்கள் அனைவரையும் அல்லாஹ் தன் வேதத்தின் பக்கம் மீண்டும் கொண்டு வருவானாக! நம்மையும் மன்னிப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.